அம்புக்குறி திரும்பும் குளம்

அன்புள்ள கயலுக்கு,

ஊருணிக்குப் போய்வந்து நீ எழுதியிருந்த கேள்வி என்னை விடவில்லை. “தவளை தட்டானைத் தின்னும்னு புத்தகத்துல அம்புக்குறி போட்டிருக்கு. தண்ணிக்குள்ள ஒரு அசிங்கமான பூச்சி தலைப்பிரட்டையைப் பிடிச்சுத் தின்னுதே, அது யாரு தாத்தா?”

அதுவும் தட்டான்தான். அந்தப் படத்தை வரைந்தவர் குளத்தங்கரையில் ஒரு பொழுதாவது குந்தியிருந்தால் அம்பை ஒரே பக்கமாகப் போட்டிருக்க மாட்டார்.

தட்டான் என்றதும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். முட்டையிலிருந்து வந்தது முதல் சிறகு முளைக்கும்வரை அது கிடப்பது தண்ணீரில். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் மீன்குஞ்சையும் கவ்வும். மூச்சு விடுவது, சிரிக்காதே, பின்பக்கத்தால். அங்கே இழுத்த தண்ணீரிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சியடித்து முன்னால் பாயும். இதன் பிடியிலிருந்து தப்பிய தலைப்பிரட்டை தவளையானதும் சிறகு முளைத்த தட்டானை நாக்கால் இழுத்துக்கொள்ளும். யார் யாரைத் தின்பது என்பதை வயதும் உடலளவும் முடிவுசெய்கின்றன.

குளத்து உயிர்களை யார் எதைத் தின்கிறது என்று அடுக்கடுக்காகப் பார்க்கும் முறைக்கு வலுவான அடித்தளம் போட்டவர் ரேமண்ட் லிண்டெமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் பாக் என்னும் சின்ன ஏரியைத் துழாவித் துழாவி எழுதிய கட்டுரையை முதலில் திருப்பியனுப்பினார்கள். 1942இல் அது அச்சாகும் முன்பே, 26 வயதில், இறந்துபோனார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு பாசம். அவர் அந்த அடுக்குகளை வைத்துக் கணக்குப் பார்த்தது ஆற்றலை. உயிர்களுக்கு நிரந்தர நாற்காலி போட்டது பாடப்புத்தகக்காரர்கள்!

கொசுவை ஒழிக்கிறேன் என்று குளத்தில் கம்பூசியா மீனை விடுகிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் கொசுப்புழுவோடு நிற்காது. தலைப்பிரட்டை, நம்மூர் மீன்களின் குஞ்சு என்று கண்டதையெல்லாம் தின்னும். கொசுப்புழு தின்னத் தட்டான் குஞ்சு அங்கே ஏற்கெனவே இருக்கிறதே!

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நடுக்குளம் வேண்டாம், கோரை முளைத்த ஓரம் போதும். டீ வடிகட்டியால் செடியடியில் மெதுவாக அள்ளி, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டுச் சும்மா இரு. கொஞ்ச நேரத்தில் குப்பை நடக்க ஆரம்பிக்கும். பெயர் தேடாதே, எது எதைத் துரத்துகிறது என்று மட்டும் எழுது. பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.

ஒரு பூச்சி மல்லாந்து நீந்தியதாக எழுதினாயே, அது சாகக் கிடக்கவில்லை. அதற்கு நீச்சலே அப்படித்தான். கையில் மட்டும் எடுக்காதே, கடிக்கும்.

அன்புடன்,
தாத்தா