பென்ஷன் கணக்கு எழுதும் தம்பிக்கு

தச்சநல்லூர்



நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்காக, ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி நீ எழுதிக் கொடுத்த விதவைப் பென்ஷன் கணக்குத் தாள், சங்கத்து நண்பர் ஒருவர் மூலம் நேற்று என் கைக்கு வந்தது. பென்ஷன் கோரும் 10-டி மனுவைப் பற்றியும் வாரிசுச் சான்றைப் பற்றியும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனத்தை உறுத்துவது, 18 ஆண்டுச் சேவை முழுவதையும் 15,000 ரூபாயால் ஒரேயடியாகப் பெருக்கி, 70-ஆல் வகுத்து, 3,857 என்று நீ முடித்திருக்கும் அந்த ஒற்றை வரியே. 2002 செப்டம்பரில் சேர்ந்து, 2020 ஆகஸ்டு முடிவில் பணியிலிருக்கும்போதே காலமானவரின் சேவைக்கு நடுவே, 1-9-2014 என்னும் தேதி வரப்பாகக் கிடக்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா? அதற்கு முந்திய 12 ஆண்டுகளுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500. பிந்திய 6 ஆண்டுகளுக்கு மட்டுமே 15,000. தனித்தனியே பெருக்கிக் கூட்டி வகுத்தால் வருவது 2,400. உன் எண்ணை நம்பி, வீட்டு வாடகை இவ்வளவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இவ்வளவு என்று அந்த அம்மாள் இந்நேரம் மனத்தில் பிரித்து வைத்திருப்பார்.

இதனினும் எனக்குச் சினமூட்டியது, அத்திட்டத்தின் சி அட்டவணையை நீ திறந்தே பார்க்காமல் விட்டதுதான். இறந்த அன்றே ஓய்வு பெற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகை, இறக்கும்போதிருந்த சம்பளத்துக்கு அட்டவணை காட்டும் தொகை, 2014-இல் நிர்ணயமான 1,000 ரூபாய்க் குறைந்தபட்சம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதுவே மனைவிக்கு உரியது. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டிய நிலையில் இறந்தவனுடைய குடும்பத்துக்கும் இத்திட்டத்தில் இடமுண்டு என்னும்போது, சேவைக் காலத்தைப் பெருக்கி வகுக்கும் சூத்திரத்தில் அத்தகையவனுக்கு என்ன மிஞ்சும்? அற்பாயுளில் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்த அட்டவணையே கதி. தாழையூத்துச் சிமெண்டு ஆலையாயினும், விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையாயினும், பணியில் மரணம் என்றால் கணக்கெழுதுபவன் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.

1995 நவம்பர் 16-இல் இத்திட்டம் அமலுக்கு வந்தபோது, 1971-ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதியத் திட்டத்திலேயே கை பழகியிருந்த எங்களைப் போன்ற கணக்கர்களுக்கு இது பெரிய கலக்கத்தைத் தந்தது. எங்கள் மூத்த கணக்கர் மட்டும் அட்டவணையைத் தடித்த அட்டையில் ஒட்டிவைத்து, மனுவோடு வரும் பெண்ணைத் தம் பக்கத்தில் அமர்த்தி, வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, அவள் கணவனின் சம்பளத்துக்கு நேரேயுள்ள எண்ணை வாய்விட்டு வாசிப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் பேசிப் பழகிய மேலப்பாளையத்துப் பெண்கள், அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்பதை நான் கண்டு வியந்திருக்கிறேன். நீ எழுதிய ஒற்றை வரியில் அவர்கள் எதைக் கேட்க முடியும்?

ஆயினும் பிள்ளைகளைப் பற்றிய உன் பகுதியை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். தாயின் தொகையில் 25 சதவிகிதம் வீதம் ஒரே சமயத்தில் இரு பிள்ளைகளுக்கு உண்டென்றும், அது தாயின் பங்கிலிருந்து பிடிக்கப்படுவதன்று என்றும், மூத்தவனுக்கு 25 வயது நிறைந்ததும் மூன்றாவது பிள்ளையின் முறை எந்த மாதத்தில் தொடங்குமென்றும், தேதி சகிதம் எழுதியிருக்கிறாய். இத்தனை சிரத்தையோடு இதை எழுதிய இன்னொருவரை நான் கண்டதில்லை.

மனு அலுவலகத்துக்குப் போகுமுன், பழைய தாளை அந்த அம்மாளிடமிருந்து நீயே நேரில் போய் வாங்கிவிடு. புதிய தாளில் 2,400-க்குப் பக்கத்திலேயே அட்டவணைத் தொகையையும் எழுதி, இரண்டையும் அவருக்கு வாசித்துக் காட்டு.