திரையில் சிதறிய எழுத்துகள்

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூரில் ஓர் இணையத்தளம் தொடங்கப்பட்டது. அது சிங்கப்பூர்க் கவிஞர்களின் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கொண்டிருந்தது. அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் எழுத்துகள் இடம்பெற்ற தொடக்ககாலத் தளங்களுள் அதுவும் ஒன்று. தமிழை அதில் ஏற்றும் பணியில் ஈடுபட்டவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ, லியோங் கொக் யோங் ஆகியோர் அவருடன் இணைந்து பணியாற்றினர்.

கவிதைகளைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றுவதில் அப்படி என்ன சிரமம் இருந்தது?

எழுத்தும் எண்ணும்

கணினிக்கு எழுத்துகள் தெரியா. எண்கள் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் முதல் பேரெழுத்துக்கு 65 என்ற எண் வழங்கப்பட்டிருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகள் இந்த உடன்பாட்டைப் பின்பற்றின. தமிழுக்கு அப்படிப்பட்ட பொது உடன்பாடு நடைமுறையில் இல்லை. எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கினர். ஒருவர் ‘க’வுக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் ‘ம’வுக்குக் கொடுத்திருக்கலாம். அதனால், எழுதியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு படிப்பவரின் கணினியிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கவிதை இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் சிதறிக் கிடக்கும்.

நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற பெயரில் தமிழ்க் கணினி முறை ஒன்றை உருவாக்கினார். ஆயினும், ஒருவருடைய முயற்சி மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1997ஆம் ஆண்டு மே மாதம், தமிழ் இணையம் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு அவரது முயற்சியால் சிங்கப்பூரில் நடைபெற்றது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாடு, பொதுவான விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டு முறைகளுக்கும் வழிவகுத்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் காலமானார். 2000ஆம் ஆண்டு, மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

இன்று உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக யூனிகோடு முறை பயன்படுகிறது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘த’ என்னும் எழுத்தின் எண் 2980. எந்த நாட்டில், எந்தக் கருவியில் பார்த்தாலும் அது ‘த’ தான்.

தவறு எங்கே?

அப்படியானால் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டதா? இல்லை. லிட்டில் இந்தியாவிலுள்ள ஒரு கடை, தீபாவளிப் பலகாரங்களுக்கு முன்பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். அலுவலகக் கணினியில் சோதித்தபோது ‘முறுக்கு’, ‘அதிரசம்’ எல்லாம் சரியாகத் தெரிந்தன. செயலியைச் சர்வரில் ஏற்றிய பிறகு தமிழ்ப் பெயர்கள் மட்டும் குலைந்துவிட்டன. செயலி மாறவில்லை, அது இயங்கும் இடத்தின் அமைப்புகள் மாறியிருக்கின்றன.

ஓர் எழுத்து நம் கண்ணை வந்தடைய நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் அது தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. அடுத்து, சர்வர் அதை எடுத்து அனுப்புகிறது. பிறகு, உலாவி அதைப் படிக்கிறது. இறுதியாக, எழுத்துரு அதற்கு வடிவம் தருகிறது. எழுத்து எப்படிக் குலைந்துள்ளது என்பதைக் கவனித்தாலே, எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

திரையில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், படிப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். தளத்துடன் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் இது சரியாகிவிடும்.

ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இரண்டு மூன்று அந்நியக் குறிகளாகத் தெரிந்தால், உலாவி தவறான அட்டவணையைக் கொண்டு படிக்கிறது எனலாம். யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்பது 224, 174, 164 ஆகிய மூன்று எண்களாக அனுப்பப்படுகிறது. பழைய ஐரோப்பிய அட்டவணையைப் பயன்படுத்தும் உலாவி அவற்றை மூன்று தனிக் குறிகளாகக் காட்டும். எழுத்துகள் அழியவில்லை. எந்த முறையில் அனுப்புகிறது என்பதைச் சர்வர் சரியாக அறிவித்தால் போதும்.

கேள்விக்குறிகள் தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. தமிழுக்கு இடமில்லாத ஒரு முறைக்கு எழுத்துகளை மாற்ற முயன்றபோது, ஒவ்வொன்றின் இடத்திலும் கேள்விக்குறி வைக்கப்பட்டிருக்கலாம். உடனே தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தமிழ் சரியாக இருந்தால், செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பில்தான் பிழை. அங்கேயும் கேள்விக்குறிகளே இருந்தால் மூல எழுத்துகள் போய்விட்டன. அமைப்பைத் திருத்திய பிறகு அவற்றை மீண்டும் உள்ளிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்காமல் பிரிந்து கிடப்பதும் உண்டு. அப்போது எண்கள் சரியாகவே இருக்கும்; அவற்றை இணைத்து எழுத்தாக அடுக்கத் தெரியாத மென்பொருளிடமே குறை இருக்கும். அச்சிட்ட அறிவிப்புகளில் சில வேளைகளில் நாம் காணும் சிதைந்த தமிழுக்கும் இது ஒரு காரணம்.

இப்படித் தேடும்போது எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது தவறு. சிக்கல் தீர்ந்தாலும், எது தீர்த்தது என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; விளைவைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுவது கணினிக்கும் பொருந்தும்.

பார்க்கும் கண்கள்

இந்தப் பிழைகளுக்குப் பொதுவான ஒரு தன்மை உண்டு. இவை நேரும்போது பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் எழுவதில்லை. செயலி வழக்கம்போல் இயங்கும். விலைகள் சரியாக இருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு குறையும் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை கேள்விக்குறியும் ஓர் எழுத்துதான். தமிழ் தெரியாத பொறியாளர் எவ்வளவு திறமை வாய்ந்தவராக இருந்தாலும், கொம்பு இடம் மாறியிருப்பதை அவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தால்தான் பிழை வெளிப்படும்.

நான்கு மொழிகளில் அறிவிப்புகள் வெளியாகும் நாட்டில் இது சிறிய செய்தி அன்று. மருத்துவ அறிவுரையோ அவசர அறிவிப்போ கட்டங்களாகத் தெரிந்தால், தமிழை மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மூத்த குடிமகனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்றே பொருள். நா. கோவிந்தசாமி கணினிப் பொறியாளராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர் அல்லர், தமிழாசிரியர். தமிழ் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அது சரியாகத் தெரியாதபோது ஏன் என்று கேட்டார். கணினிக் குறியீட்டைப் பொறியாளர் எழுதலாம். அது சரியான தமிழாகத் திரையில் தெரிகிறதா என்பதைச் சொல்ல, தமிழ் படித்தவர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தாக வேண்டும்.