ஸ்கொயர் டான்ஸ் அழைப்பாளர் ஆக விருப்பமா?

குரல் நன்றாக இருந்தால் போதும், ஸ்கொயர் டான்ஸ் அழைப்பாளர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குரல் பிறகு. முதலில் கால் பழக வேண்டும்.

நான்கு ஜோடி, எட்டுப் பேர், ஒரு சதுரம். மைக் பிடித்த அழைப்பாளர் சொல்லச் சொல்ல ஆட வேண்டும்; அடுத்து என்ன வரும் என்று ஆடுபவர்களுக்குத் தெரியாது. இந்த அமெரிக்க ஆட்டத்தின் உயிரே அதுதான். ஆகவே ஒரு கிளப்பில் சேருங்கள். 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற நிலைக்கு ஏறத்தாழ 70 அழைப்புகள், அதாவது அசைவைச் சொல்லும் கட்டளைகள், உண்டு. ஆண் இடம், பெண் இடம் இரண்டிலும் ஆடிப் பாருங்கள். எந்தக் கை எப்போது காலியாக இருக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்தால்தான் பிறரை ஆட்டுவிக்க முடியும்.

அடுத்தது மேசை வேலை. எட்டுக் காய்களை எடுத்து ஜோடிக்கு ஒரு நிறமாகச் சதுரத்தில் வையுங்கள். எதிரெதிரே நிற்கும் 1, 3-ஆம் ஜோடிகளுக்கு 'ஸ்கொயர் த்ரூ 4' என்ற அழைப்பைக் கொடுத்து நகர்த்துங்கள். முடிவில் ஒவ்வொரு காயும் தன் 'கார்னர்', அதாவது பக்கத்து ஜோடியில் தனக்கு அருகில் இருந்தவர் முன் வந்து நிற்கும். உடனே 'அலமாண்ட் லெஃப்ட்' கொடுக்கலாம். எல்லாரும் தத்தம் துணையிடம் திரும்பிவிடுவார்கள். கலைப்பது எளிது. கலைத்தவர்களை வீடு சேர்ப்பதுதான் வித்தை. தினமும் இதைச் செய்யுங்கள்.

பிறகு நேரம். இசை நிமிடத்துக்கு 120 முதல் 128 பீட் வரை ஓடும். நடக்கும் அசைவு முடிவதற்கு ஓரிரு பீட் முன்பே அடுத்த அழைப்பு வாயிலிருந்து வந்துவிட வேண்டும். தாமதித்தால் எட்டுப் பேரும் நின்றுவிடுவார்கள். நின்ற ஆட்டத்தை எந்த இனிய குரலும் காப்பாற்றாது. பாட்டோடு அழைக்கும் 'சிங்கிங் கால்' இன்னும் கறாரானது: 64 பீட் கொண்ட 7 சுற்றுகள், ஒவ்வொன்றும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

தனியாக இதைக் கற்றுத் தேறுவது கடினம். 1939-ல் 'கவ்பாய் டான்சஸ்' நூலை எழுதிய லாயிட் ஷா, கொலராடோ ஸ்பிரிங்ஸில் கோடை வகுப்புகள் நடத்தி அழைப்பாளர்களைப் பயிற்றுவித்தார். இன்றும் அனுபவசாலிகள் நடத்தும் அழைப்பாளர் பள்ளிகள் உண்டு. 1974-ல் முதல் மாநாட்டை நடத்திய 'காலர்லேப்' அமைப்பு அழைப்புகளின் விளக்கங்களை வெளியிடுகிறது, மனப்பாடமாகப் படியுங்கள்.

வருமானம்? இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலைகளிலும் வார இறுதியிலும் அழைக்கிறார்கள். ஒலிக்கருவி, இசை, அமெரிக்காவில் இசை உரிமம் என்று கைச்செலவும் உண்டு. ஆனால் ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட அழைப்புகள் ஆங்கிலத்திலேயே ஒலிப்பதால், கற்ற கலை எங்கும் செல்லும்.

இருக்கும் வேலையை விடாதீர்கள். இந்த வாரமே கிளப்பில் ஆடச் சேருங்கள்.