வயல் யூரியாவும் வண்டி யூரியாவும்

காலபோக உழவின்போது ஓமந்தைப் பகுதிக் குளத்து வயல்களில் உழவு இயந்திரங்கள் கக்கும் கரும்புகையைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். கண்ணுக்குப் புலப்படாத வேறொரு தீங்கும் அப்புகையிற் கலந்துள்ளது. நைதரசன் ஒட்சைட்டுகள் எனப்படும் வாயுக்களே அவை.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். சாதாரண வெப்பத்தில் அது ஒட்சிசனோடு சேர்வதில்லை. டீசல் எஞ்சினின் உருளைக்குள் வெப்பம் மிக உயர்வதால் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இவ்வாயுக்கள் சுவாசப்பையைப் பாதிப்பன. வெயிலிற் பிற வாயுக்களுடன் கூடி ஓசோனை உண்டாக்கி நெல் முதலிய பயிர்களின் விளைச்சலையும் குறைப்பன.

தான் செலவாகாது இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள் ஊக்கி எனப்படும். கமக்காரர் இடும் யூரியாவும் ஊக்கியின் உதவியாற் பிறந்ததே. காற்றின் நைதரசனை இரும்பு ஊக்கியின்மேல் ஐதரசனுடன் சேர்த்து அமோனியாவாக்கும் ஆலை 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் இயங்கத் தொடங்கிற்று. அமோனியாவிலிருந்து யூரியா செய்யப்படுகின்றது. புதிய டீசல் வண்டிகளிலோ இதன் மறுதலை நிகழ்கின்றது. யூரியாக் கரைசல் சூடான புகையில் விசிறப்பட்டு அமோனியாவாகின்றது. பின்னர் வனேடியம் ஒட்சைட்டு, அல்லது செம்போ இரும்போ சேர்ந்த சியோலைற்று ஆகிய ஊக்கியின்மேல் அது நைதரசன் ஒட்சைட்டுகளுடன் தாக்கமுற்று, தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாறுகின்றது. காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே திரும்புகின்றது.

இக்கரைசலில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. எஞ்சியது தூய நீர். டீசல் தாங்கிக்கு அருகே நீல மூடியிட்ட தாங்கியில் இது ஊற்றப்படும். வன்னியிலுள்ள பழைய உழவு இயந்திரங்களிலும் இருசில்லு இயந்திரங்களிலும் பெரும்பாலும் இவ்வமைப்பு இல்லை. அவற்றிற் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தல் கரும்புகையைக் குறைக்கும். நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்காது.

வீட்டில் யூரியா மூடை இருக்கையில் கரைசலை விலைகொடுத்து வாங்குவானேன் என்று எவருக்கும் தோன்றக்கூடும். இவ்வெண்ணமே பெரும் நட்டத்துக்கு வழி. பசளை யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு இருப்பதுண்டு. வண்டிக் கரைசலிலோ அது 0.3 பங்கை மிஞ்சலாகாது. யூரியாவைக் கரைத்து மிளகாய்ச் செடிக்குத் தெளித்தபின் இலைநுனி கருகுவதற்கு இப்பையூரெட்டும் ஒரு காரணம். வண்டியில் அது விசிறியின் வாயில் உப்பெனப் படிந்து அடைக்கும். கிணற்று நீரையும் கலத்தலாகாது. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படியும் சுண்ணாம்பு ஊக்கியின் நுண்துளைகளையும் மூடிவிடும். இங்ஙனம் கெட்ட ஊக்கியைக் கழுவித் திருத்தல் அரிது. புதிதாக வாங்குதலோ பெருஞ்செலவு.

யூரியாவின் தட்டுப்பாடு வயலை மட்டும் வாட்டுவதன்று. 2021 மே மாதத்தில் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது கமக்காரர் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீங்கிற்று. அதே வேளையிற் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, தென்கொரியாவில் லொறிகளுக்குக் கரைசல் கிடையாது போக்குவரத்து இடர்ப்பட்டது.

வாங்கிய கரைசலை நிழலில் வைத்தல் வேண்டும். 30 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஓராண்டும், 35 பாகையில் ஆறு மாதமுமே அது தாங்கும். தகரக் கொட்டிலில் வைத்தால் வன்னிக் கோடையில் இன்னும் விரைவிற் கெடும். பிளாத்திக்குக் கலனே ஏற்றது. செம்பு, பித்தளை, நாகம் பூசிய வாளி ஆகா. தவறுதலாக டீசல் தாங்கியில் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காது, தாங்கியை முற்றாக வடித்தல் வேண்டும்.

காலங்கடந்த கரைசலை வீணே கொட்ட வேண்டியதில்லை. எண்ணெய் கலவாததாயின், நன்கு நீர் சேர்த்துப் பயிரின் வேரடியில் இடலாம். லீற்றருக்கு ஏறக்குறைய 350 கிராம் யூரியா உண்டு. ஆகவே மூன்று லீற்றர் ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடாகும்.