கொங்கணக் கடற்கரையின் உவர்நிலமும் சிறு விவசாயியும்

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப வேளாண்மையை மாற்றியமைத்தல் என்றவுடன் புதிய விதை, பயிர்க் காப்பீடு, சொட்டு நீர்ப் பாசனம் ஆகியவையே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவை தனி விவசாயி தன் நிலத்தளவில் ஏற்கக்கூடியவை. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு விவசாயிகளுள் 86 சதவீதத்தினர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடையோர். இத்தகையோர் தனித்து நின்று செய்து பயனில்லாத ஏற்பாடுகளும் உண்டு. கொங்கணத்தின் உவர்நில நெல் சாகுபடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இன்று அடுக்குமாடிகள் நிறைந்த நெருளும் முன்னர் ஒரு கழிமுகச் சிற்றூரே. 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றி, நவி மும்பைக்கென 95 கிராமங்களின் நிலம் குறிக்கப்பட்டபோது, ஆக்ரி, கோலி மக்களின் நெல்வயல்களும் உப்பளங்களும் நகரமாக மாறத் தொடங்கின. தெற்கே ராய்கட் மாவட்டத்தில் பேண், அலிபாக் போன்ற வட்டங்களில் இச்சாகுபடியை இன்றும் காணலாம். அந்நிலத்தை மராத்தியர் 'கார்' நிலம் என்பர். இது நமது கார் நெல்லைக் குறிப்பதன்று, உவர்ப்பைக் குறிப்பது.

கடலோதம் ஏறும் தாழ்நிலத்தை மண்கரையால் மறித்து, கரையில் மதகு அமைப்பர். ஓதம் வடியும்போது மதகின் கதவு திறந்து உள்ளே தேங்கிய மழைநீரை வெளியேற்றும். ஓதம் ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும். ஜூன் மாத மழை மண்ணின் உப்பைக் கழுவியபின் பயிர் செய்வர். கோடையில் ஈரம் ஆவியாக, உப்பு மீண்டும் மேல்மண்ணுக்கு ஏறிவிடும். அதாவது, ஆண்டுதோறும் மழைதான் நிலத்தை உழவனுக்கு மீட்டுத் தருகிறது.

மழையின் போக்கு மாறினால் இந்த ஏற்பாடு நிலைகுலையும். பூக்கும் பருவத்தில் மழை இடைவெளி விட்டால் உப்பு தலைதூக்கி மணிபிடிப்பு குறையும். பெருமழையும் உயர் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் மதகு திறவாது, பயிர் மூழ்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தது நினைவிருக்கலாம். உலகக் கடல்மட்டமோ 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரி 3.7 மி.மீ. உயர்ந்தது. மண்கரை அதற்கேற்பத் தானாக உயர்வதில்லை.

விவசாயிகள் சும்மா இருந்துவிடவில்லை. பன்வெல் உவர்நில ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பன்வெல்-1, 2, 3 ஆகிய உப்பைத் தாங்கும் இரகங்கள் அவர்களுக்குக் கிடைத்துள்ளன. தமிழகத்தில் திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். இரகங்களை இவற்றுக்கு ஒப்பிடலாம். முளைகட்டிய விதையைச் சேற்றில் தூவுதலும், மேட்டு நிலத்தில் நாற்றங்கால் இடுதலும் அவர்களது பழைய உத்திகள்.

ஆனால் எவ்வளவு உப்பைத் தாங்கும் நெல்லும் கடல்நீரில் விளையாது. கரை ஓரிடத்தில் உடைந்தால் அதன் உட்புறமுள்ள வயல்கள் யாவும் கெடும். கரையைக் காக்கும் செலவு பொது. ஒருவர் பெறும் பயனோ அவரது சில குண்டா நிலத்தின் விளைச்சல் மட்டுமே. தன் பங்கைத் தராமல் பயனை மட்டும் பெறலாம் என்று ஒவ்வொருவரும் எண்ணினால் கரை பேணப்படாது. பொருளியல் பயிலும் மாணவர் 'பொதுப் பண்டம்' என்னும் கருத்தை இங்கே கண்ணால் காணலாம்.

முன்னர் ஊரார் கூடிக் கரையைச் செப்பனிட்டனர். 1948ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டமும் 1979ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமும் உவர்நில மேம்பாட்டில் அரசுக்குப் பொறுப்பளித்தன. அது தேவையே. எனினும் அரசு வந்தபின் ஊரின் கை தளர்ந்தது என்பதே என் கருத்து. நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை விளைச்சலோடு தொடர்பற்றதாகிவிட்டது. விற்பதற்கெனக் காத்திருப்பவருக்குக் கரையில் என்ன அக்கறை இருக்கும்?

உடைந்த கரையை உடனே அடைக்காவிடில் வேறொரு சிக்கலும் எழும். கடல்நீர் வந்துபோகும் வயலில் சில ஆண்டுகளில் அலையாத்தி மரங்கள் முளைத்துவிடும். நிலம் யாருடையதாயினும் அம்மரங்களை அழிக்கலாகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. புயலைத் தணிக்கும் அம்மரங்களைக் காப்பது சரியே. ஆனால் பட்டா தன் பெயரில் இருந்தும் உழ முடியாத நிலை சிறு விவசாயிக்கு நேரலாம். பயிர்க் காப்பீடு இதற்கு மாற்றாகாது. அது அப்பருவத்துப் பயிருக்கு ஈடு தரும். இழந்த நிலத்துக்குத் தராது.

கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் பின்னர் இறாலும் மாறிமாறி வளர்க்கின்றனர். உவர்நீரை வரவாக்கும் இம்முறையும் கரையும் மதகும் செம்மையாக இருந்தால்தான் நடக்கும். ஆகவே விதை மானியத்துக்கு முன்னர் கரைப் பராமரிப்பே திட்டத்தில் இடம்பெற வேண்டும். செலவில் ஒரு பகுதியை அரசும், உழைப்பையோ சிறு தொகையையோ நிலமுடையோரும் ஏற்கலாம். விற்கக் காத்திருப்போரிடமிருந்தும் அப்பங்கைத் தவறாது பெறவேண்டும்.

இதில் காலம் முக்கியம். அறுவடை முடிந்து நவம்பர் முதல் மே வரைதான் மண் வேலை செய்ய இயலும். நடுவே மார்ச் இறுதியில் நிதியாண்டு முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் கோப்பு மீண்டும் நகரத் தொடங்கி, மே இறுதியில் அனுமதி வந்தால் அவ்வாண்டு கரை எழும்பாது. மதிப்பீட்டை அக்டோபரிலேயே தயாரித்து, டிசம்பருக்குள் அனுமதி பெறுவதே உகந்தது.