கற்பிக்கும் முறையும் கற்போர் மனமும்

“எனக்குக் கணிதம் வராது” என்று கூறும் மாணவர்கள் பலர். இந்த எண்ணத்திற்குக் காரணம் மாணவரின் திறனா, அல்லது கற்பிக்கும் முறையா? இதற்கு விடை காண உதவும் ஆய்வு ஒன்று 1990களில் ஜொகூர் மாநிலத்தில் நடைபெற்றது.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுடாரியா முகமட் யூசோப், இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டாலுடன் இணைந்து இவ்வாய்வை மேற்கொண்டார். கணிதம் பயின்ற 44 பல்கலைக்கழக மாணவர்கள் இதில் பங்கேற்றனர்.

முதலில் மாணவர்களுக்கு வினாநிரல் வழங்கப்பட்டது. தாங்கள் பயிலும் கணிதம் பொருள் விளங்காததாக இருக்கிறது என்று பாதிப் பேர் குறிப்பிட்டனர். பெரும்பாலோரிடம் பதற்றமும் புதிய கணக்குகளைப் பற்றிய அச்சமும் தன்னம்பிக்கைக் குறைவும் காணப்பட்டன.

விரிவுரைஞர்களிடமும் இரு கேள்விகள் கேட்கப்பட்டன. மாணவர்களிடம் எத்தகைய மனப்பான்மை இருக்கும் என எதிர்பார்க்கிறீர்கள்? எத்தகைய மனப்பான்மை இருக்க வேண்டும் என விரும்புகிறீர்கள்? இவ்விரு விடைகளுக்கும் இடையிலான வேறுபாடே மாணவர்களின் மாற்றத்தை அளக்கும் அளவுகோலாயிற்று.

அதன்பின் மாணவர்கள் சிக்கல் களையும் பயிற்சி ஒன்றில் சேர்ந்தனர். அங்கு அவர்கள் குழுவாகக் கலந்து பேசிக் கணக்குகளுக்குத் தீர்வு தேடினர். விடையை மட்டும் நோக்காமல், அதை அடைந்த சிந்தனை வழியையும் மீள்பார்வை செய்தனர். பயிற்சிக் காலத்தில் அவர்களின் மனப்பான்மையில் ஏற்பட்ட மாற்றங்கள் ஏறக்குறைய அனைத்தும் விரிவுரைஞர்கள் விரும்பிய திசையிலேயே அமைந்தன.

ஆய்வு அத்துடன் முடியவில்லை. அடுத்த ஆறு மாதங்கள் மாணவர்கள் வழக்கமான விரிவுரைகளுக்குத் திரும்பினர். அதன்பின் மீண்டும் வினாநிரல் வழங்கப்பட்டது. இம்முறை மாற்றங்கள் பெரும்பாலும் எதிர்த் திசையில் சென்றிருந்தன.

44 பேரிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு எல்லா வகுப்பறைகளுக்கும் தீர்ப்பு வழங்க இயலாது. ஆயினும், இங்கு மாணவர்கள் மாறவில்லை. கற்பிக்கும் முறையே மாறியது. அதற்கேற்பவே அவர்களின் நம்பிக்கை உயர்ந்தது, பின்னர்த் தளர்ந்தது. நல்ல கற்பித்தல் ஒரு பயிற்சியோடு நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. “எனக்கு வராது” என்பது மாற்ற முடியாத உண்மையன்று; மாறக்கூடிய ஒரு மனநிலையே.