படகுக்கேற்ற விசிறி

மோட்டார்ப் படகை உந்துவது நீருள் சுழலும் விசிறியாகும். அதிற் பொறித்த 13 × 19 என்பதில் முன்னது விட்டம், பின்னது புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் இறங்கும் திருகாணிபோல் ஒரு சுற்றில் விசிறி முன்னேறவேண்டிய தூரமே புரியிடைத் தூரம். நீர் நெகிழ்ந்து கொடுப்பதால் அது சற்றுக் குறையும்.

பொருத்தத்தை எவ்வாறு அறிவோம்? வழக்கமான சுமையுடன் முழுவேகத்தில் ஓட்டி, இயந்திரச் சுழற்சியை அளப்போம். உற்பத்தியாளர் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று என விதித்திருக்க, 4800 மட்டுமே எட்டினால் இயந்திரம் திணறுகிறது என்போம். புரியிடையை ஓர் அங்குலம் குறைப்பின் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுக் கூடும். எனவே 17 அங்குலத்தைத் தேர்வோம். 6000ஐத் தாண்டினால் புரியிடையைக் கூட்டுவோம்.

இரண்டு பிழையும் இயந்திரத்தைக் கெடுக்கும். நடுக்கடலில் அது நின்றால் ஆபத்து உயிருக்கே. ஆதலால் வேகத்தை எண்ணுமுன் சுமையை எண்ணுவோம்.